வேலூர்ப் புரட்சியை லண்டன் பேப்பரில் தேட: பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் சந்தா எடுக்கலாமா?

வேலூர் மக்கான் நினைவுத் தூணில் இருப்பதைத் தாண்டி 1806 சிப்பாய்ப் புரட்சி பற்றி ஏதாவது வேண்டும் என்று தேடும் நம்ம ஊர் வரலாற்று மாணவர்களுக்கு, பழைய பிரிட்டிஷ் பேப்பர்களின் பக்கப் படங்களைத் தேடிப் படிக்க உதவும் இந்த இணையச் சேவை பெரிய உதவி. பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்து 2011 முதல் நடக்கிறது. தேடுவது இலவசம், பக்கத்தைத் திறக்கத்தான் காசு. 2021ல் பத்து லட்சம் பக்கங்களை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். முதலில் இலவசப் பக்கங்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். லண்டன் டைம்ஸ் இதில் இல்லை, அது வேறு நிறுவனத்தின் சேவை.

புரட்சி நடந்தது 1806 ஜூலை 10. அந்தத் தேதியைப் போட்டால் ஒன்றும் வராது. மெட்ராஸிலிருந்து கப்பல் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும். 1806 கடைசியிலிருந்து 1807 நடுப்பகுதி வரை என்று போடுங்கள். வேலூர் என்று மட்டும் தேடாமல், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி, கோட்டையில் கொல்லப்பட்ட ஃபேன்கோர்ட் என்று ஆள் பெயரையும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். அபூர்வமான பெயர்கள்தான் சரியாகச் சிக்கும்.

ஏன் மற்றது சிக்குவதில்லை? பக்கப் படத்தைக் கணினி படித்து எடுத்த எழுத்தில்தான் தேடல் நடக்கிறது, அந்த எழுத்தில் பிழை அதிகம். காரணம் அந்தக் காலத்து வரி. பேப்பர்கள் மீது 1712ல் வந்த முத்திரை வரி 1797ல் தாளுக்கு மூன்றரை பென்ஸ் ஆனது. ஆறு பென்ஸ் பேப்பரில் பாதிக்கு மேல் அரசுக்கே. வரி தாள் கணக்கில் என்பதால் ஒரே பெரிய தாளை மடித்து நாலு பக்கமாக்கி, பொடி எழுத்தில் இடைவெளியே இல்லாமல் அடைத்தார்கள். வரி கட்டியதற்கு அடையாளமாகப் பக்கத்தின் மூலையில் சிவப்பு முத்திரை குத்தியிருக்கும். கருப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த படங்களில் அது கருத்த திட்டாகி, அடியில் உள்ள வரிகளை மறைத்துவிடும். கணினி அங்கே கண்டதையும் படிக்கும். 1780ல் ஹைதர் அலி ஆற்காட்டைப் பிடித்த செய்தியைத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: அன்றைய நீட்டிய எஸ் எழுத்தை எஃப் என்று எடுத்துக்கொண்டு, செபாய் என்பதை ஃபெபாய் ஆக்கிவிடும். அப்படியே எஃப் போட்டும் ஒரு முறை தேடுங்கள். தவறான எழுத்துகளை வாசகர்களே திருத்தும் வசதி உண்டு. நம் ஊர்ப் பெயர்களை நாம் திருத்தினால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

கிடைத்ததை எப்படிப் படிப்பது என்பதுதான் முக்கியம். நாற்பது முடிவு வந்தால் நாற்பது சாட்சி என்று எண்ண வேண்டாம். பிரிட்டனின் வெளியூர்ப் பேப்பர்கள் லண்டன் பேப்பரை வரிக்கு வரி எடுத்துப் போட்டன. மெட்ராஸ் பத்திரிகைகள் 1795 முதலே தணிக்கையில் இருந்தன. லண்டனில் முன்தணிக்கை 1695லேயே போய்விட்டது, ஆனால் ராஜதுரோக அவதூறு வழக்கு இருந்தது. இங்கிலாந்தின் எலி (Ely) நகரில் படைவீரர்களுக்குச் சவுக்கடி கொடுத்ததைக் கண்டித்து எழுதிய பத்திரிகையாளர் வில்லியம் காபெட்டுக்கு 1810ல் இரண்டு வருடச் சிறை, ஆயிரம் பவுண்டு அபராதம். வேலூரில் புதுத் தலைப்பாகையை மறுத்த சிப்பாய்களுக்கும் சவுக்கடிதான். அதனால், பேப்பரில் சிப்பாய்களின் மனக்குறை எத்தனை வரி, கம்பெனி அதிகாரிகளின் கடிதம் எத்தனை வரி என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு உதவும் வேலை அதுதான்.

முத்திரை வரி 1836ல் ஒரு பென்னியாகி 1855ல் ஒழிந்தது. அதற்குப் பிந்தைய பேப்பர்கள் எண்ணிக்கையிலும் அதிகம், படிக்கவும் சுலபம். வட ஆற்காட்டின் 1876-78 பஞ்சத்தைத் தேடுகிறவர்களுக்கு இந்தச் சேவை இன்னும் நன்றாகவே கைகொடுக்கும்.

வருடச் சந்தா வேண்டாம். தேட வேண்டிய பெயர்களையும் தேதிகளையும் முன்பே எழுதி வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு எடுங்கள். பணம் பவுண்டில் போகும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் நீங்களே திறக்க வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே அணைத்துவிடுங்கள். பக்கத்தை இறக்கும்போது கோப்பின் பெயரிலேயே பேப்பர், தேதி, பக்க எண் மூன்றையும் போட்டுவையுங்கள். மேற்கோளைக் கணினி எழுத்திலிருந்து ஒட்டாமல், படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.