வீட்டுக் குளத்தில் கெண்டை மட்டுமா, மோலாவும் சேர்த்தா?

வங்கதேசக் கிராமங்களில் வீட்டை ஒட்டிச் சின்னச் சின்னக் குளங்கள் நிறைய உண்டு. அவற்றில் மீன் வளர்க்க இரண்டு வழிகள்.

முதல் வழி, ரோகு, கட்லா, மிர்கால் என்று கெண்டை வகைகளை மட்டும் விடுவது. சந்தையில் நல்ல விலை போகும். ஆனால் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதற்கு முன் குளத்துச் சிறுமீன்களைக் 'களை மீன்' என்று மருந்து போட்டுக் கொல்லும் வழக்கமும் இருந்தது. எவ்வளவு பெரிய இழப்பு!

இரண்டாவது, கெண்டையோடு மோலாவையும் விடுவது. அந்தக் 'களை' சிறுமீன்களில் ஒன்றுதான் இது, விரல் நீளம்தான் இருக்கும். ஒருமுறை விட்டால் குளத்திலேயே முட்டையிட்டுப் பெருகும். சரி, கெண்டையின் தீனியைப் பறிக்காதா? ஆய்வுக் குளங்களில் கெண்டை விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை.

தட்டில்தான் உண்மையான வித்தியாசம். ரோகுவில் சதையைத் தின்கிறோம். முள் தட்டோரம் ஒதுங்கிவிடும். மோலாவைத் தலை, கண், முள்ளோடு அப்படியே சாப்பிடுகிறார்கள். கால்சியம் முள்ளில் இருக்கிறது. வைட்டமின் ஏ பெரும்பாலும் கண்ணில். 100 கிராம் மீனில் 2,000 மைக்ரோகிராமுக்கும் மேல். கெண்டைச் சதையில் அது சொற்பம். சிறுமீன்களின் சத்தை ஆராய்ந்த ஷகுந்தலா தில்ஸ்டெட் 2021இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கெண்டை பெருத்ததும் சந்தைக்குப் போய்விடும். மோலாவையோ குழம்புக்கு வேண்டிய அளவு, வீட்டுப் பெண்களே சிறு வலை போட்டு அவ்வப்போது பிடித்துக்கொள்ளலாம்.