டென்ட் கட்டிய ஜீப்பை விற்பது: முழுசாகவா, கழற்றியா, கார் சேலிலா?

மலைநாட்டில் நல்ல நிலையில் இருக்கும் போர் வீல் வாகனத்துக்கு, அதாவது நாலு சில்லுக்கும் என்ஜின் இழுவை போகிற வண்டிக்கு, ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பண்டாரவளையிலோ ஹட்டனிலோ கராஜில் ஒரு வார்த்தை சொன்னாலே பார்க்க ஆள் வரும். ஆனால் அதே வண்டியில் ரூப் டென்ட் (கூரைமேல் விரிக்கிற கூடாரம்), பின்னால் இழுப்பறைகள், பிரிட்ஜ், இரண்டாவது பட்டரி, சோலார் தகடு எல்லாம் ஏறியிருந்தால் கதை மாறிவிடும். வருகிறவர் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார், படம் எடுப்பார், பிள்ளையை ஏணியில் ஏற்றிக் காட்டுவார், கடைசியில் "அண்ணே, இந்த டென்டெல்லாம் இல்லாம எவ்வளவு?" என்று கேட்பார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. வண்டி வாங்க வருகிறவர் ஒருவர், முகாம் சாமான் வாங்க வருகிறவர் இன்னொருவர், இரண்டு தேவையும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அபூர்வம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கழற்றக்கூடியதைக் கழற்றித் தனியாக விற்று, வண்டியை வண்டியாக விற்பதுதான் இந்தப் பக்கத்தில் சரிவரும். விதிவிலக்கு உண்டு, அதற்கும் வருகிறேன்.

இங்கே வண்டி தேடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றுகிற வெலிமடைப் பக்கத்துத் தோட்டக்காரர், எல்லவில் கெஸ்ட் ஹவுஸ் வைத்து வெள்ளைக்காரர்களை ஸ்டேஷனிலிருந்து ஏற்றி வருகிறவர், மழைக்காலத்தில் தோட்டத்து றோட்டில் ஏறி இறங்க வேண்டிய கொந்தராத்துக்காரர். இவர்களுக்கு வேண்டியது பின்தட்டு, என்ஜின், லோ கியர் ஒழுங்காக விழுகிறதா என்பது. ரூப் டென்ட் ஒன்று 50, 60 கிலோ வரும், அது தலைக்கு மேல் இருந்தால் ரம்பொடை வளைவுகளில் வண்டி சாய்கிற சாய்வு ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும். நீங்கள் ஆசைப்பட்டுச் செய்த இழுப்பறைப் பெட்டி அவருக்கு நாலு கரட் மூட்டைக்கான இடம், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் லீசிங். வாங்குகிறவர்களில் நிறையப் பேர் கையில் முழுப் பணத்தோடு வருவதில்லை, கம்பனி மதிப்பீட்டாளர் வந்து பார்த்துப் போடுகிற பெறுமதியை வைத்துத்தான் கடன் கிடைக்கும். அந்த மதிப்பீட்டாளர் மேக், மொடல், வருடம், என்ஜின், சேஸி, பொடியின் நிலை என்று பார்ப்பார், டென்டுக்கும் பிரிட்ஜுக்கும் அவருடைய தாளில் கட்டம் கிடையாது. ஆக நீங்கள் சாமானுக்கென்று கூட்டிக் கேட்கிற ஒவ்வொரு ரூபாயையும் வாங்குகிறவர் தன் கைக்காசாகத்தான் போட வேண்டும், முற்பணத்துக்கே நகையை அடகு வைக்கிற மனிதர் அதைப் போட மாட்டார். வண்டி பழசாக ஆக, கடன் கொடுக்கவே பல கம்பனிகள் தயங்கும். பழைய பஜெரோ, எல்200 வைத்திருக்கிறவர்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, முழுசாக விற்பதில் நன்மையே இல்லையா? இருக்கிறது. ஒரே பேச்சு, ஒரே கொடுக்கல் வாங்கல், எல்லாம் ஒரே நாளில் கைமாறிவிடும். மீமுரே, ரிவர்ஸ்டன், மடுல்சீமை, பெலிஹுல்ஓய என்று வார இறுதியில் கிளம்புகிற கூட்டம் இப்போது நிறைய இருக்கிறது, ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் கொழும்பிலும் கண்டியிலும் குருணாகலிலும் இருக்கிறார்கள். இணைய விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஹப்புத்தளை வரை 200 கிலோமீட்டர் வண்டி பார்க்க வருவதற்கு அவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைத் தருவது வயரிங். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து, பட்டரிப் பக்கத்திலேயே பியூஸ் போட்டு, பில்களையும் எடுத்து வைத்திருந்தால் தெரிந்த ஆள் காசு கொடுப்பார். டேப் சுற்றிய கம்பிகள் சீட்டுக்கு அடியில் தொங்கினால் அதே ஆள் உங்கள் முழு அமைப்பையும் கழற்றுகிற கூலியை விலையில் கழித்துவிட்டுத்தான் பேசுவார். இன்னொன்று, முகாம் போகிறவருக்குத் தன் கையால் அமைப்பதிலேதான் பாதிச் சந்தோஷம். உங்கள் இழுப்பறை அவருடைய அடுப்புக்குப் பொருந்தாது.

டெலிக்கா மாதிரியான வேனில் கட்டில், அலுமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உடம்போடு சேர்த்துச் செய்திருந்தால் மட்டும் முழுசாக விற்பதே நல்லது. அதை உடைத்தால் மிஞ்சுவது பலகைத் துண்டுகள்தான்.

மற்றதற்கெல்லாம் கழற்றுங்கள். எதைக் கழற்றுவது, எதை விடுவது என்பதில்தான் மூளையைச் செலவழிக்க வேண்டும். டென்ட், ஓனிங் (பக்கத்தில் விரிக்கிற நிழல் துணி), பிரிட்ஜ், பட்டரி, இன்வேர்ட்டர், சோலார், வின்ச் (புதைந்த வண்டியை இழுக்கிற கம்பிச் சுருள்), சேற்றுப் பலகைகள் இறங்கட்டும். ஸ்நோர்கல் (என்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கிற குழாய்) இருக்கட்டும், அதைக் கழற்றினால் பென்டரில் ஓட்டைதான் மிஞ்சும். உயர்த்திய சஸ்பென்ஷனும் இருக்கட்டும், தோட்டத்து றோட்டில் ஓடுகிறவருக்கு அது பிரயோசனம், பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுகிற கூலியும் வீண். பெரிய டயரை வைத்து விற்கலாம், ஆனால் மீட்டர் கதையைச் சொல்லிவிடுங்கள்: 205/80 ஆர்16 இருந்த இடத்தில் 265/70 ஆர்16 போட்டிருந்தால் சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 6 சதவீதம் கூடும், மீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துத்தான் காட்டியிருக்கும். நீங்களாகச் சொன்னால் நேர்மை, அவருடைய மெக்கானிக் கண்டுபிடித்தால் சந்தேகம். கூடுதலாகப் போட்ட பெரிய லைட்டுகளையும் இறக்குங்கள், பொலிஸ் நிறுத்துமோ என்ற பயம் வாங்குகிறவருக்கு இருக்கும்.

இழுப்பறைக்காகக் கழற்றிய பின் சீட்டைத் தேடி எடுத்துத் திரும்பப் போடுவது எல்லாவற்றையும்விட முக்கியம். இருக்கை எண்ணிக்கை சி.ஆரில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், இருக்கிறது, சீட் இல்லாத வண்டியைக் குடும்பக்காரர் திரும்பியும் பார்க்க மாட்டார். சீட்டும் பெல்ட்டும் பழையபடி வந்ததும் அதே வண்டி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுகிற வண்டியாகிவிடும், கேட்டு வருகிறவர்களும் கூடுவார்கள்.

கழற்றிய சாமான் விலை போகுமா என்று பயப்பட வேண்டாம். இவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவை, இறக்குமதி வரியும் அதன் மேல் 18 சதவீத வற் வரியும் சேர்ந்துதான் கடைக்கு வரும், அதனால் பாவித்ததற்கும் நல்ல கேள்வி இருக்கிறது. பட்டரி என்ன வகை என்று தெளிவாக எழுதுங்கள். 12.8 வோல்ட், 100 அம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் என்றால் 1,280 வாட் மணி, 40 லீட்டர் கம்பிரஸர் பிரிட்ஜை ஏறத்தாழ இரண்டு நாள் ஓட்டும். அதே அளவு ஈய பட்டரியில் பாதியைத்தான் கெடாமல் எடுக்கலாம், ஆகவே இரண்டுக்கும் ஒரே விலை கேட்க முடியாது. நுவரெலியாக்காரர் வாங்க வந்தால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏறாமல் தடுக்கிற அமைப்பு உள்ளே இருக்கிறதா என்று கேட்பார், ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல் வெள்ளையாகிற ஊர் அது. டென்டின் எதிரி பூஞ்சணம். இந்த மூடுபனியில் ஈரத்தோடு மடித்து வைத்த துணி சீக்கிரமே கறுத்துவிடும், வெயில் அடிக்கிற நாளில் விரித்துக் காயவைத்துவிட்டுப் படம் எடுங்கள். விற்கிற காலமும் முக்கியம்: மேற்குச் சரிவில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் சீசன் வரை, ஊவாப் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஓரளவு காய்ந்திருக்கும், அதற்குச் சற்று முன்னால் விளம்பரம் போட்டால் நல்லது. எல்லாவற்றையும் விற்று முடிக்க மாதக்கணக்காகலாம், வாசலில் பெட்டிகள் கிடக்கும், வீட்டில் பேச்சு வாங்க நேரிடும். அந்தப் பொறுமை இல்லாதவர் முழுசாக விற்கிற வழிக்கே போகட்டும்.

கார் சேல், அதாவது பாவித்த வண்டிகளை வாங்கி விற்கிற இடம், வேகமான வழி, பணமும் கையில் கிடைக்கும். ஆனால் அவர்கள் திரும்ப விற்று லாபம் பார்க்க வேண்டும், அது உங்கள் விலையிலிருந்துதான் போகும். டென்டோடு கொண்டுபோனால் அதை இலவச இணைப்பாகத்தான் எண்ணுவார்கள், கார் சேலுக்குப் போவதென்றாலும் கழற்றிவிட்டுப் போங்கள். வண்டியை அங்கே நிறுத்தி வைத்துக் கமிஷனுக்கு விற்கிற முறையும் உண்டு. அப்படிச் செய்தால் சாவி, மீட்டர் அளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

டபள் கெப் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது: காட்டு விலங்கு பார்க்க ஆட்களை ஏற்றிப் போகிற சபாரிக்காரர்கள். எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கினால் ஒரு பக்கம் தணமல்வில, உடவளவ, மறுபக்கம் புத்தல, கதிர்காமம். பின்தட்டில் உயரமான சீட் அடித்து ஓட்டுவதால் அவர்களுக்குப் பெயின்டும் உள் அலங்காரமும் பொருட்டில்லை, என்ஜினும் சேஸியும் போர் வீலும் சுத்தமாக இருந்தால் போதும். கீறல் விழுந்த, ஆனால் மெக்கானிக்கலாக உறுதியான கெப்புக்குக் கார் சேலைவிட இவர்கள் நல்ல விலை சொல்லக்கூடும். முகாம் சாமான் இங்கேயும் சுழியம்தான்.

விற்காமல் வாடகைக்கு விடலாமே என்பார்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதி வாடகை ஓட்டத்தில் நடந்த விபத்துக்குக் கைகொடுக்காது, அதை மாற்றாமல் யோசிக்கவே வேண்டாம்.

வண்டியைக் காட்டுகிற விதத்திலும் கவனம் வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் என்ஜின் அங்கே கறுப்புப் புகை விட்டால் என்ஜின் போய்விட்டது என்று கொழும்பிலிருந்து வந்தவர் முடிவுகட்டிவிடுவார். புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு காரணத்தை விளக்குங்கள், முடிந்தால் கீழே கொண்டுபோய்க் காட்டுங்கள். போர் வீலைத் தார் றோட்டில் போட்டு வளைத்துக் காட்டாதீர்கள், பார்ட் டைம் அமைப்பில் (தேவைப்படும்போது மட்டும் போர் வீல் போடுகிற வகையில்) முன் பின் சில்லுகள் ஒன்றையொன்று இழுத்து கியர் இறுகிவிடும். தோட்டத்துக் கல் றோட்டில் காட்டுங்கள். அறுகம்பை, கல்பிட்டி மணலில் ஓடிய வண்டி என்றால் அடியில் உப்புத் துருவைப் பார்க்காமல் யாரும் போக மாட்டார்கள், நீங்களே முதலில் கழுவிப் பார்த்துவிடுங்கள்.

எந்த வழியில் விற்றாலும் ஓபன் பேப்பரில் மட்டும் கொடுக்காதீர்கள். வாங்குகிறவர் பெயரில்லாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த தாள் கைமாறிக் கைமாறி எங்கே போகிறதென்று உங்களுக்குத் தெரியாது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் உரிமையாளர் நீங்கள்தான். கொழும்பில் கெமராவில் பிடிக்கிற குற்றங்களுக்கான தாள் பதிவான உரிமையாளரைத் தேடித்தான் வரும், விபத்தென்றால் பொலிஸ் தட்டுவதும் உங்கள் கதவைத்தான். உரிமை மாற்றப் படிவங்களான எம்டிஏ 6, எம்டிஏ 8 இரண்டிலும் வாங்குகிறவர் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் நிரம்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள், பிரதிகளை வைத்துக்கொள்ளுங்கள், விற்றதைத் திணைக்களத்துக்கு நீங்களும் அறிவியுங்கள். திணைக்களம் இருக்கிற நாரஹேன்பிட்ட போய்வர ஒரு நாள் கெட்டாலும் பரவாயில்லை. லீசிங் முடிந்த வண்டியென்றால் கம்பனியின் பெயர் சி.ஆரிலிருந்து நீங்கியிருக்கிறதா என்று விளம்பரம் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பணத்தை வங்கியில் வைத்தே வாங்கி, கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள், காசோலை வேண்டவே வேண்டாம்.

விதிவிலக்கு என்று சொன்னேனே, டெலிக்கா மாதிரி வேனை விட்டால் இன்னொன்று பழைய லேண்ட் ரோவர். தோட்டத்துத் துரைமார் ஓட்டி, பிறகு கைமாறி வந்த சீரீஸ் வண்டியோ டிபென்டரோ உங்களிடம் இருந்தால் அதைத் தேடி வருகிறவர் மரக்கறி ஏற்ற வருவதில்லை. அவருக்கு வேண்டியது ஒரிஜினல் சாமான். பொடி அலுமினியம் என்பதால் வெளியே பளபளப்பாகத் தெரியும், சேஸியோ இரும்பு, அவர் முதலில் படுத்துப் பார்ப்பது பின் குறுக்குச் சட்டத்தைத்தான், அங்கே வெல்டிங் செய்திருந்தால் மறைக்காமல் காட்டுங்கள். முகாமுக்காக நீங்கள் மாற்றிய சீட், கழற்றிய பழைய ஸ்டீயரிங், ஸ்பேர் சில்லு தாங்கி, துருப்பிடித்த ஜெக் உட்பட எதையும் தனியாக விற்காமல் வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள், டென்டை மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் மாற்றியிருந்தால் புதிய இலக்கம் சி.ஆரில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் எவ்வளவு ஆசையோடு வந்தவரும் முற்பணம் கொடுக்காமல்தான் திரும்புவார்.