மலை ஏரிக்குக் கேபின் படகு: பழைய அமைப்பா, புதிய அமைப்பா?

இருபதடிச் சின்னக் கேபின் படகு ஒன்றை நீலகிரியில் ஏதாவதொரு நீர்ப்பரப்பில் விட நினைப்பவர் முன்னால் இன்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. முதலாவது பழைய இன்போர்டு. டீசல் எஞ்சின் படகின் நடுவே ஒரு பெட்டிக்குள் இருக்கும்; அங்கிருந்து தண்டு சாய்வாகப் பின்னோக்கி இறங்கி, தண்ணீருக்கடியில் புரொப்பெல்லரைச் சுழற்றும்; அதற்குப் பின்னால் சுக்கான். இரண்டாவது அவுட்போர்டு. பெட்ரோல் எஞ்சின் பின்பலகைக்கு வெளியே தொங்கும். உள்ளே மிச்சமாகும் இடம் முழுவதும் கண்ணாடி அடைத்த கேபினாகிவிடும்.

படகு கட்டும் நிறுவனங்கள் பல இரண்டாவதன் பக்கம் போய்விட்டன. அமெரிக்காவின் ரேஞ்சர் டக்ஸ் நிறுவனம் டீசல் இன்போர்டோடு விற்றுவந்த ஆர்-27 கேபின் படகை 2018 வாக்கில் அவுட்போர்டுக்கு மாற்றியது. இழுவைப் படகின் சாயலில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்த அந்தப் படகின் முதுகில் 300 குதிரைத்திறன் யமஹா ஏறியது. கடலோரக் கால்வாய்களில் ஒரே நாளில் நெடுந்தூரம் போய்விட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது சரியான மாற்றம். அதே மாற்றத்தை அப்படியே நம் ஏரிக்குக் கொண்டுவரலாமா என்பதுதான் கேள்வி. என் பதில் இது: புதிய மாடலின் எஞ்சின் இருக்குமிடத்தை எடுத்துக்கொள்ளலாம், அதன் அடிப்பாகம் வேண்டாம், கேபினில் பாதி போதும்.

நம் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். உதகை ஏரி கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில், ஓடைகளை மறித்து உண்டாக்கியது. நீளமாக, குறுகலாக, வளைந்து கிடக்கும் நீர், பல ஆண்டுகளாகச் சேர்ந்த வண்டல், ஆகாயத்தாமரைத் தொல்லை. பைக்காரா வேறு மாதிரி. அது மின்சாரத்துக்காகத் தேக்கிய தண்ணீர். பைக்காரா மின்நிலையம் 1932 முதல் ஓடுகிறது. உற்பத்திக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும். நேற்று படகு நின்ற கரை இன்று சேறாகக் கிடக்கும். கொடைக்கானல் ஏரியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 1863-ல் மதுரை கலெக்டர் வெர் ஹென்றி லெவின்ஜ் உருவாக்கிய அந்த நட்சத்திர வடிவ ஏரிக்குத் துடுப்பும் பெடலும் போதும். அங்கே எஞ்சின் சத்தம் கேட்கவே எனக்கு விருப்பமில்லை.

இந்த இரண்டு நீரிலும் வேகத்துக்கு வேலை இல்லை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே ஒரு வேக எல்லை வைக்கிறது. நீர்மட்டத்தில் படகு எத்தனை அடி நீளமோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். இருபதடிக்கு ஆறு நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். அதைத் தாண்ட வேண்டுமானால் படகு தன் சொந்த அலை மேல் ஏறிச் சறுக்க வேண்டும். அதற்குப் பல மடங்கு சக்தி வேண்டும், தட்டையான அடிப்பாகமும் வேண்டும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வட்டம் அடித்துவிட்டு வரும் படகு மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை. பெடல் படகும் துடுப்புப் படகும் சுற்றி மிதக்கும் தண்ணீரில் பெரிய அலை எழுப்புவதே தவறு. ஆகவே இங்கே ஒரு படகை அது மெதுவாகப் போகும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

எஞ்சின் விஷயத்தில் புதிய அமைப்பு கைமேல் தரும் லாபம், படகுத்துறையில். இன்போர்டு படகைப் பின்னால் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ரிவர்ஸ் போட்டதும் புரொப்பெல்லர் சுற்றும் திசைக்கு ஏற்பப் பின்பக்கம் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போகும். படகு போதிய வேகம் பிடிக்கும்வரை சுக்கானைத் திருப்பியும் பலன் இராது. பயணிகள் எழுந்து நிற்க, பக்கத்தில் பெடல் படகுகள் நெருக்க, அந்தச் சில நொடிகள் ஓட்டுபவருக்குச் சோதனை. அவுட்போர்டில் எஞ்சினே திரும்புகிறது. முன்னாலோ பின்னாலோ, தள்ளும் விசை திருப்பிய பக்கம் போகிறது. புதிதாக ஓட்டப் பழகும் தம்பிக்கும் சீக்கிரம் கைவந்துவிடும்.

அதைவிடப் பெரிய லாபம் பாசியிலும் சேற்றிலும். இன்போர்டு புரொப்பெல்லரில் ஆகாயத்தாமரை வேரோ பிளாஸ்டிக் கயிறோ சுற்றிக்கொண்டால் யாராவது தண்ணீரில் இறங்கியாக வேண்டும். டிசம்பரிலும் ஜனவரியிலும் உதகைத் தண்ணீரில் இறங்கச் சொல்வது கொடுமை. அவுட்போர்டை நிறுத்தி, மேலே சாய்த்து, பின்பலகையில் குனிந்து கையால் உருவி எடுத்துவிடலாம். பைக்காராவில் மட்டம் இறங்கிய நாளிலும் அதே வசதி உதவுகிறது: கரையை நெருங்கும்போது எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டால் சேற்றில் மாட்டாது. ஒரு எச்சரிக்கை உண்டு. அவுட்போர்டு ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. உறிஞ்சும் சல்லடையில் இலை ஒட்டிக்கொண்டால் எஞ்சின் சூடேறும். பக்கவாட்டில் மெல்லிய நீர்த்தாரை ஒன்று பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். ‘தண்ணி வருதான்னு பாருடா’ என்று பின்னால் இருக்கும் பையனிடம் அடிக்கடி கேட்பது நல்ல பழக்கம்.

உயரத்தின் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உதகை கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டர் மேலே இருக்கிறது; காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 300 மீட்டருக்கு மூன்று சதவீதம் சக்தி போகும் என்பது பொதுவான கைக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 40 குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும் பெட்ரோல் எஞ்சின் இங்கே 31 தரும். எரிபொருளைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் எஞ்சின் கலவையைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. கார்புரேட்டர் எஞ்சினுக்கு, பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டை மாற்றாவிட்டால் கரும்புகையும் கருத்த பிளக்கும்தான் மிஞ்சும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பழைய டீசலும் இப்படியே சக்தி இழக்கும். டர்போ உள்ளது ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

இதற்கு மருந்து பெரிய எஞ்சின் வாங்குவது என்று நினைத்துவிட வேண்டாம். மெதுவான படகுக்கு 31-ஏ தாராளம். மாற்ற வேண்டியது புரொப்பெல்லர். கொச்சியிலோ சென்னையிலோ வாங்கும் எஞ்சினோடு பெரும்பாலும் கடல்மட்டத்துக்கும் விரைவுப் படகுக்கும் பொருந்தும் புரொப்பெல்லர்தான் வரும். இங்கே அதை மாட்டினால் எஞ்சின் தன் முழுச் சுழற்சியை எட்டாமல் மேட்டில் டாப் கியர் போட்ட பஸ்ஸாக முக்கும். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் கணக்குத் தூரம், ஒன்றிரண்டு அங்குலம் குறைந்ததைப் போட வேண்டும். ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுழற்சி கூடும். விட்டம் எவ்வளவு பெரிதாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. பழைய இன்போர்டின் உண்மையான பலமே இதில்தான் இருந்தது: பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றுவது. அதே குணம் வேண்டுமானால் யமஹாவின் ஹை த்ரஸ்ட் வகை போல, எஞ்சினின் சுழற்சியைக் கியரில் அதிகமாகக் குறைத்துப் புரொப்பெல்லருக்குத் தரும் அவுட்போர்டைத் தேடி வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் அதுதான் இந்தத் தண்ணீருக்கு ஏற்றது.

இனி அடிப்பாகம். இங்கேதான் புதிய மாடல் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய படகின் அடியில் முன்னிருந்து பின்வரை முதுகெலும்பு போல ஏராக்கட்டை (கீல்) ஓடும். அது படகை நேராகப் போகவைக்கும், காற்றில் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கும், தரை தட்டினால் புரொப்பெல்லருக்கு முன்னால் தான் அடி வாங்கிக்கொள்ளும். புதிய அடிப்பாகம் சறுக்குவதற்காக வடித்தது. பின்பக்கம் அகலமாக, தட்டையாக, ஏராக்கட்டை இல்லாமல் இருக்கும். வேகமெடுத்தால் அருமையாக ஓடும். எட்டு கிலோமீட்டரில் அது வலமும் இடமும் அலையும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். உயரமான கேபின் காற்றை முழுதாக வாங்கிக்கொள்ளும்போது அடியில் பிடிமானம் ஏதும் இருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று பைக்காராவில் வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் அப்படியொரு படகைத் துறைக்கு நேராகக் கொண்டுவருவது பெரும்பாடு. தட்டையான பின்பக்கம் மெதுவான ஓட்டத்தில் தண்ணீரை இழுத்துக்கொண்டே போவதால் எரிபொருளும் வீண்.

எடை இடம்மாறியதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். இருபது குதிரைத்திறன் டீசல், கியர்பாக்ஸோடு, சுமார் 130 கிலோ. அது படகின் நடுவில், நீர்மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து, கேட்காமலே ஒரு நிலைப்பாரமாக வேலை செய்தது. புதிய மாடலில் அந்தப் பாரம் அங்கிருந்து போய்விட்டது. சுமார் 100 கிலோ அவுட்போர்டு பின்பலகையில் உயரத்தில் தொங்குகிறது. அதோடு தார்ப்பாய்க் கூரை இருந்த இடத்தில் ஃபைபர் கூரையும் கண்ணாடியும் வந்துவிட்டன. கீழே இருந்த எடை குறைந்து மேலே எடை கூடினால் படகின் நிலைத்தன்மை இரண்டு வழியிலும் அடிவாங்குகிறது. கரையில் காட்டெருமை தெரிந்தால் பத்துப் பேரும் ஒரே பக்கம் நகருவார்கள். அறுநூறு கிலோவுக்கு மேல் ஒரு நொடியில் இடம்மாறும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை மலையில் படகு விடுகிற யாரும் மறக்கக் கூடாது. வாங்கும் முன் படகைத் துறையில் கட்டி, முழு ஆட்களையும் ஒரே பக்கம் நிற்கச் சொல்லி, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை அங்குலம் மிச்சம் என்று அளந்து பாருங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்தப் படகு வேண்டாம்.

கேபின் விஷயத்தில் மனம் இரண்டுபடுகிறது. மூடுபனியும் சாரலும் உள்ள ஊரில், குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்குக் கண்ணாடி அடைத்த கேபின் பெரிய ஆறுதல். பழைய தார்ப்பாய்க் கூரையின் கீழ் நனைந்து நடுங்கியவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பன்னிரண்டு பேர் மூச்சுவிடும் அடைத்த இடத்தில் பத்தே நிமிடத்தில் கண்ணாடியில் நீர்கோத்து முன்னால் எதுவும் தெரியாமல் போகும். அது சிரமம்; இன்னொன்று ஆபத்து. முன்புறம் அடைத்து, பின்கதவு மட்டும் திறந்திருக்கும் கேபின் நகரும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. வெளியே தொங்கும் பெட்ரோல் எஞ்சினின் புகை கேபினுக்குள் இழுக்கப்படுகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி என்று வரும். இந்த ஊரில் அதை யாரும் புகை என்று நினைக்க மாட்டார்கள். உதகைக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதை வளைவில் வந்த தலைச்சுற்றல் என்று எலுமிச்சம்பழத்தை நீட்டுவார்கள். டீசல் புகையில் இந்த வாயு மிகக் குறைவு; பழைய மாடலுக்கு இதில் மதிப்பெண் உண்டு.

அதனால்தான் பாதிக் கேபின் என்கிறேன். முன்கண்ணாடியும் கூரையும் இருக்கட்டும். பக்கவாட்டில் ஒரே தள்ளில் முழுதாகத் திறக்கும் சட்டங்கள் இருக்கட்டும். முன்னால் காற்றுத்துளை எப்போதும் திறந்திருக்கட்டும். கவிழ்ந்தால் உயிர்காப்பு ஜாக்கெட் போட்டவரைத் தண்ணீர் கூரையோடு ஒட்டிவைத்துவிடும். பக்கம் திறந்தால்தான் அவர் வெளியே வர முடியும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கூரையில் மாட்டுங்கள்.

மின்சார அவுட்போர்டையும் ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம். மின்மோட்டாருக்கு உயரத்தால் சக்தி குறைவதில்லை, புகை இல்லை, பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றும். இருபதடிப் படகு ஏழு கிலோமீட்டரில் போக இரண்டு மூன்று கிலோவாட் போதும். 48 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்பது கிலோவாட்-ஹவருக்கு மேல் தரும். லித்தியம் ஐயன் பாஸ்பேட் வகையில் அந்தப் பேட்டரி ஏறத்தாழ 100 கிலோ. அதை ஏராக்கட்டை உள்ள பழைய அடிப்பாகத்தின் நடுவில், முன்பு டீசல் இருந்த அதே குழியில் இறக்கினால் போன நிலைப்பாரம் திரும்பி வந்துவிடும். உறைபனி விழும் ஜனவரி இரவுகளில் மட்டும் கவனம் வேண்டும்: இந்தப் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும். எனவே மாலையில் படகு கரையேறியதும், செல்களில் ஓட்டத்தின் சூடு ஆறுவதற்குள், சார்ஜரைச் செருகிவிட வேண்டும்.