6,850 ரூபாய்க்கு விற்கப்பட்ட ஒரு படம்: பூவேலை கார்டிகன் ‘கிட்’ வாங்கப் போகிறவர்களுக்கு எச்சரிக்கை

தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன்: 6,850 ரூபாய். திருப்பூரில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, படங்கள் பகிரும் சமூக வலைத்தளம் ஒன்றில் நூலும், குரோஷா என்ற கொக்கி ஊசிப் பின்னலுக்கு வேண்டியதெல்லாம் அடங்கிய ‘கிட்’டும் விற்கும் ஒரு பக்கம் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, சொன்ன பொருளை அனுப்பாமல், கேள்வி கேட்டபோது அலைக்கழித்து, கடைசியில் என் எண்ணையே முடக்கிவிட்டது. பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன் என்பது ஒரு காரணம், பெயரை இன்று மாலைக்குள்ளேயே மாற்றிக்கொள்ளக் கூடியவர்கள் என்பது இன்னொரு காரணம். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று முடிவில் விரிவாக எழுதுகிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் சிறிய அளவில் ஆர்டர் எடுத்துக் குரோஷா பின்னுகிறவள். கோபியிலிருந்து ஒரு வாடிக்கையாளர், ஊட்டியில் கல்லூரி சேரும் தம் மகளுக்கு வெண்ணெய் நிறத் தளத்தில் சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஓடும் கார்டிகன் ஒன்றைக் கம்பளி நூலிலேயே பின்னித் தரவேண்டும் என்று கேட்டார். நம் பக்கத்து ஃபேன்சி கடைகளில் ‘உல்லன்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல் என்பது பின்னுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். கோவையின் மார்கழிக்கு அது தாராளமாகப் போதும், ஊட்டிக் குளிருக்குப் போதாது. எனவே மெரினோ என்ற உண்மையான ஆட்டுக் கம்பளி நூலைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பக்கத்தின் ‘பூவேலை கார்டிகன் முழு கிட்’ கண்ணில் பட்டது. ஒரே சாயத் தொகுதியை (லாட்), அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றியதைச் சேர்ந்த 1,100 கிராம் மெரினோ, ஏழு நிறங்கள், 4 மில்லிமீட்டர் ஊசி, கட்டம் கட்டமாக வரைந்த பூ வரைபடம், வரிசைக்கு வரிசை எழுதிய விளக்கம், எல்லாம் சேர்த்து 6,850 ரூபாய். மெரினோ விற்கும் விலைக்கு இது சந்தேகம் எழுப்பும் அளவுக்கு மலிவும் இல்லை.

நான் கேட்காமல் வாங்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திருப்பூர் பருத்திப் பின்னலாடைக்குப் பெயர்போன ஊர், கம்பளிப் பின்னலுக்கு லூதியானா; அப்படியிருக்கத் திருப்பூரில் மெரினோ எப்படி வந்தது என்பதுதான் என் முதல் கேள்வி. தொலைபேசியில் பேசிய இளைஞர் சற்றும் தடுமாறாமல், “ஏனுங்கக்கா, லூதியானாவுல இருந்து வந்த நூலுதானுங்க, ஐரோப்பா பையர் ஸ்வெட்டர் ஆர்டரக் கேன்சல் பண்ணிட்டாங்க, மிச்சம் நின்னுபோச்சுங்க” என்றார். திருப்பூர்க் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சம் எப்படி விற்கிறது என்பதை அறிந்த எவருக்கும் அது நம்பத்தக்க பதில்தான்.

ஆனால் நான் முழுமையாக நம்பியது அதற்கு அடுத்த பேச்சில். வெண்ணெய் நிறம் எல்லாம் ஒரே லாட்டா என்று நான் கேட்க வாயெடுப்பதற்கு முன்பே அவராகவே அதைச் சொன்னார்: “லாட்டு ஒண்ணேதானுங்க, முதுகுக்கும் கைக்கும் ஷேடு மாறிருச்சுன்னா நீங்க பிரிச்சுப் பின்னோணும், அந்தச் சங்கடம் எனக்குத் தெரியாதுங்களா?” ஒரு கார்டிகனின் முதுகைப் பின்னி முடித்து, முன்பக்கத்தைத் தொடங்கிய பிறகு நிறம் அரை நூல் மாறியிருப்பதைக் கண்டு நொந்துபோன அனுபவம் உள்ளவர்கள் மட்டுமே பேசுகிற பேச்சு அது. அதோடு, தராசின் மேல் நூல் உருண்டைகளை அடுக்கி எடை காட்டிய ஒரு காணொளியையும் அனுப்பினார். “பாப்பா ஊட்டிக்குப் போறாளாக்கும், குளிருக்கு நல்லதாவே எடுத்து வெக்கறனுங்க” என்று அவர் சொன்னதும் பணத்தை அனுப்பினேன். யுபிஐயில் கடையின் பெயர் வராமல் தனிநபர் ஒருவரின் பெயர் வந்ததைக் கேட்டபோது, கணக்கு அண்ணன் பெயரில் இருக்கிறது என்றார்.

பார்சல் சொன்ன நாளுக்குள் வந்தது. மேலாக இருந்த வெண்ணெய் நிற உருண்டையிலிருந்து ஒரு துண்டு நூலை வெட்டி நெருப்பில் காட்டினேன்: முடி கருகும் வாடை வந்தது, நெருப்பிலிருந்து எடுத்ததும் தானே அணைந்தது, சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியானது. கம்பளிதான். மகிழ்ச்சியோடு முதுகுப் பகுதியைத் தொடங்கினேன். பூக்கள் வருவதற்கு முன் அடியில் சில வரிசைகள் வெறும் தளம் என்பதால் வேலை விரைவாக நகர்ந்தது.

மூன்றாவது உருண்டையைச் சேர்த்துப் பின்னிய வரிசையை மறுநாள் காலை வெயிலில் பார்த்தபோது, அதிலிருந்து நிறம் மஞ்சளாக இறங்கியிருந்தது. கைக்கும் வழுவழுப்பாக வேறுபட்டது. எரித்துப் பார்த்தேன். உருகிச் சொட்டிக் கறுப்பாக, கல் மணியாக இறுகியது. அக்ரிலிக். அதன்பின் எல்லா உருண்டைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மேலே வைத்திருந்த இரண்டு மட்டுமே கம்பளி, மீதித் தளநூல் முழுவதும் அக்ரிலிக், சிவப்பும் பச்சையும் காகிதம் எரியும் வாடையோடு சாம்பலான பருத்தி. வாங்கியவுடன் பிரித்துப் பார்ப்பவர் மேலே உள்ளதைத்தான் சோதிப்பார் என்று கணக்குப் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். இதைத் தெரியாமல் நடந்த பிழை என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். மொத்த எடையோ, பின்னியதையும் சேர்த்து நிறுத்தும் 870 கிராம்தான். காணொளியில் தராசு காட்டிய 1,100 யாருடைய நூலுக்கு உரியது என்று தெரியவில்லை. உருண்டைகளைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையில் ‘மெரினோ’ என்று அழகாக அச்சிட்டிருந்தார்கள். நிகர எடை இல்லை, தயாரிப்பாளர் முகவரி இல்லை, சாயத் தொகுதி எண் இல்லை.

நூலாவது போகட்டும், வேறு வாங்கிப் பின்னலாம் என்று வரைபடத்தைக் கையில் எடுத்தேன். அது வரைபடமே இல்லை. விளம்பரத்தில் இருந்த படத்தை எடுத்து அதன்மேல் கட்டக் கோடுகளைப் போட்டிருக்கிறார்கள். பூவின் ஓரம் ஒரு கட்டத்தின் நடுவில் முடிகிறது. அந்தக் கட்டத்தைச் சிவப்பில் பின்னுவதா வெண்ணெயில் பின்னுவதா? கட்டங்களுக்கு எண் இல்லை, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய வரிசை எது, திரும்பி வரும் வரிசை எது என்ற குறிப்பு இல்லை. விளக்கத்தில் முதுகுக்கு 112 தையல் என்று இருந்தது, வரைபடத்தில் குறுக்காக எண்ணினால் 90 கட்டம். தையலின் பெயரை டபுள் குரோஷா என்று எழுதியவர் அமெரிக்க முறையில் எழுதினாரா பிரிட்டிஷ் முறையில் எழுதினாரா என்றும் இல்லை. அமெரிக்கர் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டிஷ்காரர் டபுள் என்கிறார், இதில் ஒன்றுக்கு ஒன்று மாறினால் உடையின் உயரமே மாறிவிடும்.

பூவேலை தெரிந்தவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறம் மாற்றிப் பின்னும்போது, பயன்படுத்தாத நூலைத் தையலுக்குள்ளேயே மறைத்து எடுத்துச் செல்வது ஒரு முறை. ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனிச் சிறு கண்டு வைத்துக்கொண்டு, அந்த இடத்தோடு விட்டுவிடுவது இன்னொரு முறை. இவர்கள் தந்த படத்தில் ஒரே வரிசையில் ஐந்து நிறங்கள் அகலம் முழுவதும் சிதறிக் கிடந்தன. முதல் முறையில் பின்னினால் ஐந்து இழையும் உள்ளே புகுந்து துணி பலகைபோல் விறைக்கும், வெண்ணெய்த் தையலுக்கு ஊடே சிவப்பு எட்டிப் பார்க்கும். இரண்டாம் முறையில் பின்னினால் பின்பக்கம் தொங்கும் நுனிகளைச் செருகி முடிக்கவே பின்னிய நேரத்துக்கு மேல் ஆகும். எது என்று விளக்கத்தில் ஒரு சொல் இல்லை. சந்தேகம் வந்து விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தையல்கள் குரோஷா தையல்களே அல்ல, இரண்டு ஊசியால் பின்னும் ஸ்வெட்டரின் வடிவம். அதுவும் பூவுக்கு அருகில் போனதும் வரிசை தவறிக் கரைந்துவிடுகிறது. முன்பக்கத்தின் இரண்டு ஓரத்திலும் பொத்தான்கள் இருக்கின்றன, துளை எந்தப் பக்கமும் இல்லை. கணினியிடம் சொல்லி வரையவைத்த படம் அது. அப்படி ஒரு கார்டிகனை யாரும் எந்தக் காலத்திலும் பின்னியதில்லை.

இனி அவர்கள் பதில் சொன்ன விதத்துக்கு வருகிறேன். 6,850 ரூபாய் போனதைவிட இதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. நிறம் மாறியதைப் படமெடுத்து அனுப்பியதும், “கேமரா லைட்டுக்கு அப்படித் தெரியுதுங்கக்கா” என்றார். நேரில் வெயிலில் பார்த்துத்தான் சொல்கிறேன் என்றதற்கு, “ஒரு தண்ணி நனைச்சு எடுத்தீங்கன்னா ஷேடு எல்லாம் ஒண்ணாயிருமுங்க” என்று எழுத்தில் அறிவுரை தந்தார். முழுத் துணியை நனைக்காமல், மூன்று நிறத்திலும் சிறு மாதிரித் துண்டு பின்னி நனைத்தேன். சிவப்பு இறங்கி, வெண்ணெய் நிறம் ரோஜா நிறமானது. எங்கள் மச்சாண்டார் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது அந்தத் தொழிலை விட்டு வந்தவர். அவர் துண்டைக் கையில் வாங்கி ஈர விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, சாயம் ஏற்றியபின் சுடுநீரில் சோப்பிங் கொடுத்து, ஒட்டாத சாயத்தைக் கழுவி எடுக்கவே இல்லை, இது எத்தனை முறை நனைத்தாலும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும் என்றார்.

இதையும் படத்தோடு அனுப்பினேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “நீங்க நனைச்சுட்டீங்கள்ல மேடம், யூஸ் பண்ணுன சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாதுங்க.” நனைக்கச் சொன்னவரே நனைத்ததைக் காரணம் காட்டுகிறார், அக்கா மேடமானதும் அந்த நிமிடத்தில்தான். நனைக்காத உருண்டைகள் எட்டு இருக்கின்றனவே, அவற்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பார்சலைப் பிரித்தபோது எடுத்த காணொளி இருக்கிறதா என்றார்கள். இருந்தது, அனுப்பினேன். கூரியரில் மாறியிருக்கும் என்றார்கள். வரைபடத்தைப் பற்றிக் கேட்டால், வரைந்த பெண் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருப்பதாகவும் வந்ததும் திருத்தி அனுப்புவதாகவும் சொன்னார்கள். வரையாத படத்துக்கு வரைந்த பெண் எங்கிருந்து வருவாள்? அவர்களின் பக்கத்தில் நான் இட்ட கருத்து நீக்கப்பட்டது, அடுத்து என் எண் முடக்கப்பட்டது, வேறு எண்ணிலிருந்து அழைத்தபோது 6,850 ரூபாய்க்கு இவ்வளவு பேசுகிறீர்களே என்று சிரித்துவிட்டு வைத்தார்கள். அந்த 6,850 ரூபாய்க்கு நான் எத்தனை ரவிக்கைக் குஞ்சம் பின்ன வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கோபி வாடிக்கையாளரின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வங்கியில் கேட்டால், நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம் என்று கை விரித்துவிட்டார்கள். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருக்கிறேன். இணையவழி விற்பனைக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி விற்பவர் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும், அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர்கள் பக்கத்திலோ ஒரு கதவு எண்கூட இல்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், ஆனால் இப்போது இருக்கும் கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. எரித்துப் பார்ப்பதென்றால் மேலே உள்ள உருண்டையை மட்டும் பார்க்காதீர்கள், அடியில் உள்ளது வரை ஒவ்வொன்றையும் பாருங்கள். பூவேலை எதுவானாலும், பின்னிய துணியின் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். உண்மையில் பின்னியவரிடம் அது இருக்கும், கணினிப் படத்துக்குப் பின்பக்கம் கிடையாது. பட்டையில் எடையும் முகவரியும் லாட் எண்ணும் இல்லாத நூலுக்குப் பணம் அனுப்பாதீர்கள். அடர் சிவப்பை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள். பேச்சு முழுவதையும் எழுத்தில் வாங்கிப் படமெடுத்து வையுங்கள்.

அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, ஒரே விதமாக ஏமாந்தவர்கள் பலர் இருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் போடலாம். இரண்டு ஓரத்திலும் பொத்தான் வைத்த அந்த வெண்ணெய் நிறக் கார்டிகன் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பியவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் யாராவது இருந்தால், நூல் பட்டையின் படத்தையும் பணம் அனுப்பிய ரசீதையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்; பட்டையைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம்.