ஒரே வார்ப்பில் ஒரு நாவடி எலும்பு: ஐந்து மாதம் பயன்படுத்திய அனுபவம்

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் பக்கத்தில் பக்கவாதம் வந்தவர்களின் வீட்டுக்கே போய் விழுங்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதற்காகத் தபாலில் வரவழைத்த பிளாஸ்டிக் குரல்வளை மாதிரியைப் பற்றி எழுதுகிறேன். விலை 1,850 ரூபாய். மேலே நாவடி எலும்பு (நாக்கின் அடியில், கழுத்தின் முன்பக்கம் இருக்கும் லாட வடிவ எலும்பு), கீழே குருத்தெலும்புகள், இடையில் மஞ்சள் நிற ரப்பர் சவ்வு. உடையாமல் வந்து சேர்ந்தது.

அசைவு அருமை. நாவடி எலும்பை விரலால் மேலும் முன்னுமாகத் தள்ளினால் குரல்வளை கூடவே ஏறுகிறது, அதன் மூடி சாய்கிறது. ஒவ்வொரு வாய்க் கஞ்சிக்கும் நம் கழுத்தில் நடப்பது இதுதான். வேறு எந்த எலும்போடும் மூட்டுச் சேராமல், தசையிலும் நாரிலும் தொங்கிக்கொண்டே இந்தச் சிறிய எலும்பு அவ்வளவு வேலை செய்கிறது. கீழக்கரையில், இளம் வயதில் சங்கு குளித்த பெரியவர் ஒருவருக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறியது. "வாப்பாவின் சங்குக்குள் என்னதான் கெட்டுப்போனது?" என்று மகள் கேட்டார். தொண்டையையும் சங்கு என்றுதானே சொல்கிறோம். மாதிரியை அவர் கையில் கொடுத்து எலும்பைத் தூக்கச் சொன்னேன். அடுத்த முறை பாதியிலேயே நிறுத்தச் சொன்னேன். மூடி சாயவில்லை. "அப்படியானால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமே" என்று அவரே சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் படுக்கவைத்து ஊட்டுவதை விட்டுவிட்டார்கள். இது ஒன்றுக்காகவே கொடுத்த பணம் தகும்.

எனக்கு மனத்தாங்கல் எலும்பின் வடிவத்தில்தான். பெட்டியின் மேல் 'மனிதக் குரல்வளை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். எந்த மனிதருடையது? எலும்பின் நடுப்பகுதியான உடலும், அதன் இரு பக்கமும் பின்னோக்கி நீளும் இரண்டு பெரிய கொம்புகளும் இணைப்புக் கோடே இல்லாமல் ஒரே வார்ப்பாக இருக்கின்றன, அளவும் பெரிது. பார்த்தால் வயதான ஆணின் எலும்பு. குழந்தையிடம் இது இப்படி இருப்பதில்லை. ஆறு இடங்களில் தனித்தனியாக எலும்பாகத் தொடங்கும் துண்டுகளைக் குருத்தெலும்பு பிடித்துவைத்திருக்கும். இருபது வயதிலும் உடலுக்கும் பெரிய கொம்புக்கும் நடுவே பெரும்பாலும் அந்த மெத்தை இருக்கும், அழுத்தினால் வளைந்து கொடுக்கும். நடுவயதில் பலருக்கு மெல்ல இறுகி ஒன்றாகிவிடுகிறது. எல்லோருக்கும் அல்ல, எழுபது வயதிலும் ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் ஒட்டாமல் இருப்பவர்கள் உண்டு. ஆகவே இணைப்பை மட்டும் பார்த்து வயதை உறுதியாகச் சொல்லிவிட முடியாது. கழுத்து நெரிக்கப்பட்ட வழக்குகளில் இளையவர்களின் நாவடி எலும்பு பல நேரம் முறியாமல் தப்புவதற்கும் இப்படி வளைந்து கொடுப்பது ஒரு காரணம். செவிலியர் மாணவிகளுக்கு இதைச் சொல்லும்போது கையில் இருக்கும் மாதிரி நான் சொல்வதை மறுக்கிறது.

ஆண், பெண் வேறுபாடும் அப்படியே. பொதுவாக ஆணுக்கு எலும்பின் உடல் பெரிது, கொம்பு நீளம். பெண்ணுக்குச் சிறிது, மெலிது. ஆனால் உயரமான பெண்ணின் எலும்பு குட்டையான ஆணின் எலும்பைவிடப் பெரிதாக இருக்கலாம். சிறு பிள்ளைகளிடம் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். பாளை விடும்வரை எது ஆண்பனை, எது பெண்பனை என்று நம் ஊரில் யார் சொல்ல முடியும்? இதுவும் பருவ வயதில்தான் தெளிவாகப் பிரிகிறது. ஏர்வாடியில் ஒல்லியான பாட்டி ஒருவரின் கழுத்தில், இந்த மாதிரியின் அளவை மனதில் வைத்துக்கொண்டு என் மாணவி நாவடி எலும்பைத் தேடினாள். அவள் விரல் போய் நின்றது கீழே இருக்கும் குருத்தெலும்பில். பாட்டி இருமிவிட்டார். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு மண்டபத்தில் ஃபைபர் படகு பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் மாதிரியைக் கொண்டுபோனேன். கொம்பும் உடலும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, நடுவே சைக்கிள் டியூப் துண்டு வைத்து ஒட்டித் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். இப்போது கொம்பை உள்பக்கம் அழுத்தினால் வளைகிறது. அது இளையவர் எலும்பு. ஒரு பக்க டியூபின் மேல் ஈர்க்குச்சி வைத்துக் கட்டினால் அந்தப் பக்கம் மட்டும் இறுகிய எழுபது வயது எலும்பு. மாணவிகள் மாற்றி மாற்றி அழுத்திப் பார்க்கிறார்கள்.

மற்ற குறைகள் சிறியவை. உடலும் பெரிய கொம்பும் சேரும் இடத்தில் மேல்நோக்கி நிற்கும் சிறிய கொம்புகளில் ஒன்று இரண்டாம் வாரமே உதிர்ந்தது. உப்புக் காற்றில் தாங்கியின் திருகாணி துருப்பிடித்தது, பித்தளையில் மாற்றிக்கொண்டேன்.

விழுங்குதலை விளக்க வேண்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம். வயது, ஆண் பெண் வேறுபாடு கற்பிக்க என்றால் இப்போதைய வடிவில் வேண்டாம். செய்பவர்கள் இதைப் படித்தால், கழற்றி மாட்டும்படி மூன்று எலும்புகள் கொடுங்கள்: ஐந்து வயதுப் பிள்ளையுடையது, இளம் பெண்ணுடையது, முதிய ஆணுடையது. 3,000 ரூபாய் ஆனாலும் நான் வாங்குவேன்.