வீட்டு நீச்சல் குளத்துப் பாசி: மாத்திரையா, பவுடரா, திரவமா?

கோயம்புத்தூர் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக் குளம் 40,000 லிட்டர் கொள்ளும். மேலே கூரை கிடையாது. சில ஆண்டுகளில் மூன்று வகைக் குளோரினையும் பயன்படுத்திப் பார்த்தாயிற்று; இப்போது வாங்குவது திரவம் மட்டுமே.

மிதவையில் மாத்திரையைப் போட்டால் தானாகக் கரையும், சோம்பேறிகளுக்கு வரம். ஆனால் இந்த ட்ரைகுளோர் மாத்திரை 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) குளோரின் தரும்போது ஏறத்தாழ 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் சேர்த்தே இறக்குகிறது. குளோரினை வெயிலிலிருந்து காப்பது அந்த அமிலம்தான். 30 முதல் 50 பிபிஎம் வரை நல்லது. அதற்கு மேல் போனால் குளோரினின் கையைக் கட்டிப்போட்டுவிடும். குளோரின் செலவாகிறது, அமிலம் தங்கிவிடுகிறது. கோடை முடிவதற்குள் அது 100ஐத் தாண்டியது. சோதனையில் குளோரின் சரியாகக் காட்டியது, சுவரோ பச்சை. பராமரிக்க வந்தவர் இன்னும் இரண்டு மாத்திரை போடச் சொன்னார்! பாதித் தண்ணீரை இறைத்து மாற்றிய பிறகுதான் குளம் வழிக்கு வந்தது. லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் இது வயிற்றெரிச்சல்.

பிளீச்சிங் பவுடர் மலிவு, ஆனால் அதிலும் சுண்ணாம்பு உண்டு. எங்கள் போர்வெல் தண்ணீரில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம் என்பதால் டைல்ஸில் வெள்ளைப் படிவு ஏறியது, அடியில் கசடும் தங்கியது.

10 சதவீதத் திரவக் குளோரின் 400 மில்லி ஊற்றினால் எங்கள் குளத்தில் 1 பிபிஎம் கூடும். பாசி பிடித்துவிட்டால் முதலில் பிஎச் (அமில-காரத் தன்மை) அளவை 7.2 பக்கம் கொண்டுவருகிறேன்; குளோரின் ஏறிய பின் அந்தச் சோதனையை நம்ப முடியாது. சுவரைத் தேய்த்து, பொழுது சாய்ந்ததும் ஊற்றி, இரவெல்லாம் பம்பை ஓடவிடுகிறேன். சயனூரிக் அமிலம் 30 இருந்தால் குளோரின் 12 பிபிஎம் வேண்டும், அதாவது சுமார் 5 லிட்டர். மறுநாள் தண்ணீர் சாம்பல் நிறமாகக் கலங்கும். அது செத்த பாசி. பலர் அங்கேயே மனம் தளர்ந்து பாசிக்கொல்லி தேடிப் போகிறார்கள். ஃபில்டரை பேக்வாஷ் செய்து (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவி), குறைந்த குளோரினைத் திரும்ப நிரப்பி வந்தால் போதும். இரவில் 1 பிபிஎம்முக்கு மேல் குறையாத நிலை வரும்வரை நிறுத்துவதில்லை.

திரவத்துக்கும் குறை உண்டு. வெயிலில் கிடந்த கேனில் வீரியம் இருக்காது, சட்டையில் தெறித்தால் வெளுத்துவிடும். பிஎச் குறைக்கும் அமிலக் கேனுக்குப் பக்கத்தில் இதை வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். மாத்திரையும் பவுடரும் ஒரே வாளியில் சேர்ந்தால் தீயே பிடிக்கலாம்.