இரவு தங்கும் பஸ்

எங்கள் ஊரில் இரவு தங்கும் பஸ் நின்றுபோன செய்தி இந்தப் பொங்கலுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. கடலூர் மாவட்டத்தில், புவனகிரிக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடையே, மெயின் ரோட்டிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளடங்கிய சிற்றூர் அது. முன்பெல்லாம் கடைசி பஸ் இரவு ஒன்பதரைக்கு வந்து மாரியம்மன் கோயில் வாசலில் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் கோயில் திண்ணையில் படுப்பார்கள். கொசுவை விரட்ட வேப்பிலைப் புகை போட்டுக் கொடுப்பது என் பாட்டியின் பொறுப்பு. விடியற்காலை ஐந்தேகாலுக்கு அவர்கள் அடிக்கும் ஹாரனில் ஊரே எழும். கத்தரிக்காய் மூட்டையும் பால் கேனும் அதில்தான் ஏறும்.

டிரைவரும் கண்டக்டரும் தங்குவதற்கு ஓர் அறையும் கழிப்பறையும் கேட்டார்களாம். ஊரில் யாரும் கட்டித் தரவில்லை. டிரிப்பை எடுத்துவிட்டார்கள். டெப்போவைத் திட்டத்தான் வாய் வருகிறது. ஆனால் இத்தனை வருடம் மனிதர்களைத் திண்ணையில் படுக்க வைத்தது நாங்கள்தானே?

இப்போது காலை எட்டுக்கு ஒன்று, மாலை நாலரைக்கு ஒன்று. மற்ற நேரத்தில் மெயின் ரோட்டுக் கைகாட்டியில் இறங்கி, ஐந்து பேர் சேரும்வரை ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டும். நான் பெட்டியோடு ஒன்றரை மணி நேரம் நின்றேன். நான்காவது ஆளாக ஒரு பெரியவர் வந்தார். ஐந்தாவது ஆள் வரவேயில்லை. அந்தக் காசையும் நானே கொடுத்தேன்.

ஒருநாள் காலை பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளும் பெண்களும்தான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் காசு இல்லை, பயணம் இலவசம். ஆண்கள் எல்லாரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். காசு கொடுத்து ஏறியவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர்.

“ஆளில்லாத ஊருக்கு எதற்கு அண்ணே இன்னொரு டிரிப்?” என்றார் டீக்கடைக்காரர். கோபம் வந்தது. அன்று சாயங்காலமே எங்கள் தெருவை எண்ணிப் பார்த்தேன்: 31 வீடு, அதில் 11 பூட்டிக் கிடந்தன. ஒன்று எங்களுடையது. கோபம் அடங்கிவிட்டது.

ஆனால் ஏட்டில் ஊர் அப்படியே இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கடைசியாகத் தலை எண்ணியது 2011இல். 2021இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், 2027இல் எண்ணப்போகிறார்கள். ஆக, ஊர்க் கணக்கில் நான் இன்னும் இருக்கிறேன். சிங்கப்பூருக்குப் போனது 2014இல்தான். இறந்துபோன பாட்டியும் இருக்கிறார். தலைக்கணக்கைச் சும்மா நினைக்க முடியாது. 2000ஆம் ஆண்டில் வந்த பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளிக் குடியிருப்பில் 500 பேராவது இருந்தால்தான் தார் ரோடு. எங்களுக்கு ரோடு கிடைத்தது. பஸ்ஸுக்கு அப்படி ஒரு விதி இருப்பதாகத் தெரியவில்லை, வசூல்தான் பேசுகிறது. 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியது. அதை ஓட்ட வேண்டியவர்கள் தனியார். எங்கள் தடத்துக்கு யாரும் வரவில்லை.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சிதம்பரத்தில் மாதம் ஒரு முறை காலை ஏழரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எட்டு மணி பஸ்ஸை நம்பினால் ஆகாது. விடியற்காலையில் தனி ஆட்டோ பிடிக்க 600 ரூபாய். நான் கொடுக்கிறேன் என்றேன்.

“நீ இருக்கிற பத்து நாளைக்குக் கொடுப்பாய் தம்பி, அப்புறம்?”

அதனால் முதல் நாள் நாலரை பஸ்ஸிலேயே கிளம்பிவிடுகிறார். சிதம்பரத்தில் தூரத்து உறவு ஒருவர் வீட்டு வராந்தாவில் படுத்துக்கொள்கிறார். பையில் ஒரு போர்வை, சொட்டு மருந்து, டிபன் டப்பா. அவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று கொசுவர்த்திச் சுருளையும் தானே எடுத்துக்கொண்டு போகிறார்.